ஒருவர் வாசிக்க, ஒருவர் விழிக்க



ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அங்கே ஓய்வு நேர வாசிப்புக்கு இடமுண்டா? தாயாகவோ தந்தையாகவோ ஆகிவிட்ட ஒருவர், எந்தப் பயனையும் கருதாமல், மன மகிழ்ச்சி ஒன்றுக்காக ஒரு கதைப் புத்தகத்தைக் கையிலெடுப்பது சரியா, தவறா? இதுவும் ஒரு கேள்வியா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். கொலை, களவு, பொய்ச்சாட்சி என்பவற்றோடு ஒப்பிட்டால் இது சின்னக் கேள்விதான். ஆனால் நம்மிற் பெரும்பாலோர் கொலையும் களவும் செய்யாமலே வாழ்ந்து முடிக்கிறோம். நம்முடைய நன்மையும் தீமையும் இத்தகைய சின்னக் கேள்விகளுக்குள்ளேதான் மறைந்து கிடக்கின்றன. ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் முதற் குழந்தை பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த அன்று பார்க்க வந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், என் புத்தக அலுமாரியைக் காட்டி, "இனி இதைப் பூட்டித் திறப்பைக் கிணத்துக்கை போடும். இருவது வரியத்துக்கு உமக்கு இது தேவைப்படாது" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. சிறு வயதிலிருந்தே புத்தகமில்லாமல் படுக்கைக்குப் போகாதவன் நான்.

நடந்ததோ வேறு. புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணித்தியாலம் நித்திரை கொள்ளும். ஆனால் ஒரே நீட்டாக அல்ல. இரண்டு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம் என்று துண்டு துண்டாக. இரவு எது, பகல் எது என்று அதற்கு இரண்டு மூன்று மாதம் வரைக்கும் நன்றாகத் தெரியாது. அந்தத் துண்டுகளின் ஓரங்களில் எனக்கு நேரம் கிடைத்தது. பிள்ளை என் மார்பிலே படுத்து உறங்க, ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மறுகையால் புத்தகத்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். சாமத்திலே சாய்மனைக் கதிரையில் இருந்து, மேசை விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

அதற்கு நான் தேர்ந்துகொண்டது, பள்ளிக்கூடக் காலத்தில் வாசித்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. இந்தத் தெரிவு தற்செயலாய் வாய்த்ததாயினும் பொருத்தமாகவே அமைந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட அந்த நாவல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாரந்தோறும் தொடர்கதையாக வெளிவந்தது. இடையிலே நிறுத்துவதற்கும், நிறுத்திய இடத்தில் மீண்டும் தொடங்குவதற்குமென்றே எழுதப்பட்ட கதை அது. ஓர் அத்தியாயம் முடியும் வேளையில் பிள்ளை அழுதால், வந்தியத்தேவனை எங்கே விட்டாலும் அவன் அங்கேயே காத்திருப்பான். பூங்குழலி கோடிக்கரையிலிருந்து இலங்கையை நோக்கிப் படகு தள்ளும் பகுதியை நான் இரவு ஒன்றரை மணிக்கும் நாலு மணிக்கும் அதிகாலைக்குமாக மூன்று தவணைகளில் வாசித்தேன். கடலுக்கு இப்பால் இருந்து அதை வாசிப்பதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

குழந்தை பிறந்த வீட்டில் வாசிக்க முடியாது என்று சொன்னவர் யார் என்று மனத்துக்குள் பெருமைப்பட்டேன். முப்பத்தொன்று கழிந்து சில நாட்களில் இரண்டு பாகங்கள் முடிந்துவிட்டன. அந்த ஆசிரியரை வீதியில் கண்டபோது அதைச் சொல்லியும் காட்டினேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறேன், ஆகவே என் இன்பமும் ஒருவகைத் தொண்டுதான் என்பது என் எண்ணமாயிருந்தது.

இந்தப் பெருமை ஒரு நாள் மாலையில் உடைந்தது.

மூன்றாம் பாகத்தைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது, என் மனைவி வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் கண்ணிற் பட்டது. தோல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு', தமிழ் மொழிபெயர்ப்பு. பேறுகாலத்துக்கு முதல் வாரம்வரை அவர் அதைக் கையில் வைத்திருந்தது எனக்கு நினைவிருந்தது. அடையாளத்துக்காகக் குருத்தோலைத் துண்டொன்றைச் சிலுவையாக மடித்து உள்ளே வைத்திருந்தார். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குருத்தோலை அந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சற்று நகர்த்தினேன். இத்தனை நாள் அழுத்தத்தில் தாளில் அதன் சுவடு பதிந்து போயிருந்தது.

என்னுடைய அடையாளம் இரண்டு பாகங்களைக் கடந்து வந்திருந்தது. அவருடைய அடையாளம் ஓர் ஓரைகூட அசையவில்லை. ஒரே வீடு, ஒரே பிள்ளை, ஒரே நாற்பது நாள்.

வாசகரே, அப்போது நான் முதன்முறையாகக் கணக்குப் பார்த்தேன். எங்களைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் முன்னரே சொல்லியிருந்தார்: ஆரம்ப வாரங்களில் ஒரு குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை வரை தாய்ப்பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம் என்று குறைத்து வைத்தாலும், பத்துத் தடவைக்கு 5 மணித்தியாலம். பால் குடித்த பிள்ளையைத் தோளிற் போட்டுத் தட்டி ஏவறை விடச் செய்வது, துணி மாற்றுவது, மறுபடி உறங்க வைப்பது எல்லாம் அதற்கு வெளியே. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்பது மருத்துவர்களின் புத்தி. இந்தக் கடமையை நான் எவ்வளவு விரும்பினாலும் ஏற்க முடியாது. அது இயற்கை வகுத்த பங்கு.

ஆனால் மீதி? பிள்ளை அமைதியாய் உறங்கும்போது அவள் என் மார்பில் இருந்தாள். அழத் தொடங்கியதும் எழுந்து போய்த் தாயின் பக்கத்தில் வளர்த்திவிட்டு, மறுபடி கதிரைக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். தாய் பால் கொடுத்து, தட்டி, துணி மாற்றி, உறங்கிய பிள்ளையை ஏணையில் இட்டதும் நான் போய் எடுத்து வந்தேன். அதாவது, உறங்கும் பிள்ளை எனக்கு, அழும் பிள்ளை அவருக்கு. இப்படி ஒரு பங்கீட்டை நாங்கள் பேசித் தீர்மானிக்கவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் ஒரு வார்த்தை முறைப்படவுமில்லை. அப்படியிருந்தும் என் ஓய்வு முழுவதும் அவருடைய விழிப்பின்மேல் கட்டப்பட்டிருந்தது. களவு போகாமலே ஒருவரின் பொருள் இன்னொருவரிடம் வந்து சேரக்கூடும் என்பதை அன்று கண்டேன்.

இந்த இடத்தில் இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பழைய அறிவுரை. பெற்றோர் என்றாலே தியாகம். பிள்ளை வளரும்வரை தன் விருப்பங்களை எல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டும். புத்தகம், பொழுதுபோக்கு என்பவை கலியாணத்துக்கு முந்திய விளையாட்டுகள். இதைச் சொல்பவர்கள் நல்லவர்கள். தங்கள் வாழ்வில் அப்படியே நடந்தும் காட்டியவர்கள். ஆனாலும் நமது மறைநூல் ஓய்வைச் சோம்பலாகக் கருதவில்லை. அதைக் கட்டளையாகவே வைத்திருக்கிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வு நாட் கட்டளையை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஓய்ந்திரு என்று வீட்டுத் தலைவனுக்குச் சொன்னதோடு அது நின்றுவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராகப் பெயரிட்டுச் சொல்கிறது. தலைவன் இளைப்பாறுவது போலவே வேலையாட்களும் இளைப்பாற வேண்டும் என்று காரணமும் காட்டுகிறது. ஓய்வு என்பது ஒருவன் தனக்கென எடுத்துக்கொள்ளும் சலுகையாக அங்கே இல்லை. வீடு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய பொருளாக இருக்கிறது.

அந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டு போகையில் ஒன்று என்னை நிறுத்தியது. மாடு இருக்கிறது, கழுதை இருக்கிறது, மனைவி என்ற சொல் இல்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் கணவனும் மனைவியும் அடக்கம் என்று அறிஞர்கள் விளக்குவர். அது நல்ல விளக்கம், நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் வீடுகளில் ஓய்வைப் பங்கிடும்போது அந்த 'நீ'க்குள் உண்மையாகவே இருவரையும் அடக்குகிறோமா?

இரண்டாவது, புதிய அறிவுரை. பெற்றோர் தம்மைத் தாம் கவனித்துக்கொண்டால்தான் பிள்ளையை நன்றாகக் கவனிக்க முடியும். ஆகவே உனக்கென நேரம் எடுத்துக்கொள், வாசி, ஓய்வெடு, குற்றவுணர்வு கொள்ளாதே என்கிறார்கள். இதிலும் உண்மை உண்டு. நித்திரையற்று, பேச்சுத் துணையற்று, நான்கு சுவர்களுக்குள் வாடும் தாய்க்கு இது அவசரமான உண்மை. ஆனால் இந்த அறிவுரை ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறது. எடுத்துக்கொள் என்கிறதே, எங்கேயிருந்து எடுப்பது? நேரம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. சிறு குழந்தையுள்ள வீட்டில் ஒருவர் புத்தகத்தைத் திறக்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார், அவருடைய முறை எப்போது வரும் என்று கேட்காதவரை, எனக்கென நேரம் என்ற பேச்சு பாதிக் கணக்குத்தான்.

இவ்விஷயத்தை யோசிக்கையில் என் நினைவு ஒரு பெரியவரிடம் சென்றது. திருச்சபையின் வாசகர்களுக்குள் தலைசிறந்தவர் என்று புனித அகுஸ்தீனாரைச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். தம் 'அறிக்கைகள்' என்னும் நூலில் தாம் வாசித்த புத்தகங்கள் தம்மை எப்படி மாற்றின என்று அவர் விரிவாக எழுதியிருக்கிறார். 354 ஆம் ஆண்டு பிறந்த அவர், பத்தொன்பதாவது வயது நடக்கையில், கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்தபோது, சிசரோ எழுதிய 'ஹோர்த்தென்சியுஸ்' என்னும் நூலை வாசித்தார். அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை, சில துண்டுகளே எஞ்சியுள்ளன. ஆனால் அது ஞானத்தின்மேல் தாம் கொண்ட ஆசையை மூட்டிவிட்டதென்றும், தம் செபங்களையே வேறாக்கியதென்றும் அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

அந்த நாட்களில் அவர் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது என்பதை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அவருடைய மகன் அதெயோதாத்துஸ், இறைவனால் தரப்பட்டவன் என்று பொருள்படும் பெயர் கொண்டவன், 387 இல் ஏறக்குறைய 15 வயதினனாக இருந்தான் என்று அவரே எழுதுகிறார். கணக்குப் பார்த்தால், தந்தை சிசரோவின் நூலில் தம்மை மறந்திருந்த காலத்தில் மகன் பால்குடி மாறாத பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். 'ஹோர்த்தென்சியுஸ்' பற்றி நமக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளை இரவில் அழுதபோது எழுந்தவர் யார் என்பது நூலில் இல்லை. ஆனால் ஊகிப்பது கடினமல்ல. சுமார் பதினைந்து ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, அந்தப் பிள்ளையைப் பெற்றெடுத்த அப்பெண்ணின் பெயரை அகுஸ்தீனார் எங்கும் எழுதவில்லை. பின்னர் மிலான் நகரில் அவருக்கு வேறு திருமணம் நிச்சயமானபோது, அவள் மகனைத் தந்தையிடம் விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குத் திரும்பினாள். அவளைப் பிரிந்தபோது தம் இதயம் கிழிந்து குருதி சிந்தியதாக மட்டும் அவர் எழுதுகிறார்.

ஒரு புனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தம்மைத் தாமே அக்கூண்டில் நிறுத்திக்கொள்ளவே அவர் அந்நூலை எழுதினார். சொல்ல வந்தது இதுதான்: எவ்வளவு உயர்ந்த வாசிப்பாயினும் அதன் அடியில், பெயர் எழுதப்படாத ஒருவரின் விழிப்பு இருக்கக்கூடும். புத்தகம் நல்லதாயிருப்பதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

அதே அகுஸ்தீனாரின் கதையில் பிள்ளைகள் பலமுறை குறுக்கே வருகிறார்கள். தம் குழந்தைப் பருவம் தமக்கு நினைவில்லாதபடியால், பிற குழந்தைகளைப் பார்த்தும், தம்மை வளர்த்தவர்கள் சொல்லக் கேட்டுமே தாம் எப்படி இருந்திருப்போம் என அறிந்துகொண்டதாக அவர் கூறுகிறார். இன்னும் பேச வராத ஒரு குழந்தை, தன்னோடு ஒரே மார்பில் பால் குடித்த மறு குழந்தையைப் பொறாமையோடு பார்த்ததைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். 386 ஆம் ஆண்டு மிலானில் ஒரு தோட்டத்திலே அவர் அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்து வாசிக்கும்படி பாடலாய்த் திரும்பத் திரும்பச் சொல்லிய குரல் கேட்டு, புனித பவுலின் நிருபத்தைத் திறந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்குரல் ஆணோ பெண்ணோ என்று தெரியாத ஒரு பிள்ளையின் குரல். மறு ஆண்டு பாஸ்குத் திருநாளில் தந்தையும் மகனும் ஒன்றாகவே ஆயர் அம்புறோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னர் 'ஆசிரியர்' என்னும் நூலை மகனோடு நடத்திய உரையாடலாகவே எழுதினார். அதில் மகன் பேசும் கருத்துகள் எல்லாம் உண்மையில் அவனுடையவையே, அப்போது அவனுக்கு வயது 16 என்று பெருமையோடு சாட்சி சொல்கிறார். சிறிது காலத்தில் அந்த மகன் இறந்துபோனான். பிள்ளையோடு கூடிப் பேசக் கிடைத்த காலம் எவ்வளவு சுருங்கியது என்பது தந்தைக்குப் பின்னர்தான் தெரிந்திருக்கும்.

இங்கே என் கைத்தொலைபேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புத்தகம் வாசிப்பவர்கள் நாங்கள், தொலைபேசியை உருட்டுபவர்களைவிட மேலானவர்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். தாயின் மார்பிலிருந்து அவள் முகம் இருக்கும் தூரம் அது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருந்து நிமிர்ந்து பார்க்கும் குழந்தைக்கு, தகப்பன் கல்கியை வாசிக்கிறானா, தொலைபேசியில் வீண் செய்தி பார்க்கிறானா என்று தெரியாது. தகப்பனின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே தெரியும். இதனாலே குழந்தை விழித்திருக்கும்போது புத்தகத்தை மூடிவிடப் பழகினேன். அது பெரிய தியாகமொன்றுமில்லை. அந்த விழிப்பு ஒரு தடவைக்குச் சிறிது நேரம்தான்.

குருத்தோலையைக் கண்ட பிறகு என்ன செய்தோம் என்று கேட்கிறீர்கள். அதற்கு வழி காட்டியவர் என் மாமியார். எங்களுக்குத் துணையாக வந்து நின்ற அவர், விடிய நாலு மணிக்கு எழும்பி, மகளுக்குச் சரக்கரைத்து, துணி தோய்த்து, குசினியே கதியென்று இருந்தார். வாரப் பத்திரிகை வந்தால் முதலில் வாசிக்கும் பழக்கமுள்ளவர். பிரிக்காத பத்திரிகைகள் மூன்று, மடித்தபடி பெட்டகத்தின்மேல் கிடந்தன. ஒரு நாள் நான் அதில் ஒன்றைப் பிரித்தபோது, அம்மியடியில் இருந்தபடியே, "தம்பி, உதைக் கொஞ்சம் சத்தமாய் வாசியுங்கோவன். எனக்குக் கண்ணாடி தேட நேரமில்லை" என்றார்.

எனக்கு அது புதிதாய் இருந்தது. ஆனால் புதியதல்ல. சத்தமாய் வாசிப்பது ஒரு காலத்தில் பெருவழக்காய் இருந்தது. ஆயர் அம்புறோசியார் குரல் எழுப்பாமல் வாசித்ததை அகுஸ்தீனாரே குறிப்பிட்டுப் பதிவு செய்கிறார். நம் ஊர்களிலும் ஒருவர் குரலெடுக்க ஊரே கேட்கும் வழக்கம் இருந்தது. தபசு காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை எழுத்தறியாத ஆச்சிமாரும் மனப்பாடமாகச் சொன்னது கேட்டுக் கேட்டுத்தான். சைவக் கோவில்களில் கந்தபுராண படனம் நடப்பதும் ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லவே. அந்த வாசிப்பில் ஒருவரின் இன்பம் மற்றவரின் விழிப்பைத் தின்பதில்லை. கை வேலை செய்ய, காது ஓய்வு பெறுகிறது.

அன்றிரவு முதல், மனைவி பால் கொடுக்கும் வேளையில், அவர் கேட்ட 'புத்துயிர்ப்பை' அவர் நிறுத்திய இடத்திலிருந்து தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்கினேன். தான் கெடுத்துக் கைவிட்ட ஒரு பெண்ணை நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் கண்டு, தான் எடுத்துக்கொண்டதன் விலையை உணரும் ஒரு மனிதனின் கதை அது. வாசிக்கையில் சில இடங்களில் என் குரல் தடுமாறியது. மூன்றாம் பக்கத்தில் அவர் இருந்தபடியே உறங்கிவிட்டார். பிள்ளையை வாங்கித் தோளில் இட்டுத் தட்டினேன். அவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருந்தது. அதில் வியப்பில்லை. 1986 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய் சத்தமாக வாசித்த கதையை, பிறந்து சில நாட்களேயான குழந்தை வேறு கதையிலிருந்து பிரித்தறிந்து விரும்புகிறது என்று காட்டியிருக்கிறார்கள். பொருள் தெரியாது. ஓசையின் நடையை அது அறிந்திருக்கிறது.

இத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். முடியவில்லை. மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை, பால் கொடுத்தானதும், பிள்ளையை நான் விறாந்தைக்குக் கொண்டுபோய்விடுவேன், அழுதாலும் சிணுங்கினாலும் நானே பார்ப்பேன், அந்த நேரம் உமக்கு என்று மனைவியிடம் சொன்னேன். முதல் நாள் அவர் படுத்து உறங்கினார். இரண்டாம் நாள் கிணற்றடியில் இருந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வவுனியாவில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் கதைத்தார். நாலாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"புத்தகம் எடுக்கயில்லையே?" என்று கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, இந்த ஒரு மணித்தியாலம் எனக்கோ, அல்லது புத்தகத்துக்கோ?" என்றார்.

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. நேரத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நினைத்தேன். ஆனால் அதை எப்படிச் செலவழிக்க வேண்டுமென்ற கணக்குப் புத்தகத்தையும் கூடவே கொடுத்திருந்தேன். குருத்தோலை அசைந்தால் என் மனம் ஆறும் என்பதற்காகவே அந்த மணித்தியாலத்தை ஈந்தேன் போலும். ஓய்வு என்றால் அதைப் பெற்றவர் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாததாய் இருக்க வேண்டும். நான் சாமத்தில் கல்கியை வாசித்தபோது என்னிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லையே.

இப்போது முதற் கேள்விக்குத் திரும்புவோம். குழந்தையுள்ள வீட்டில் இன்பத்துக்காக வாசிப்பது சரியா? சரியே என்பது என் முடிவு. வாசிப்பு என்னை நல்ல தகப்பனாக்கும் என்பதற்காக அல்ல. அப்படி ஆக்கலாம், ஆக்காமலும் விடலாம். இளைப்பாறுதல் மனிதனுக்கு உரியது என்பதற்காகவே சரி. ஆனால் அது மனிதனுக்கு உரியதென்றால் வீட்டிலுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் உரியது. எனக்குக் கிடைத்த ஓய்வு அதே அளவில் மற்றவருக்கும் கிடைக்க வழி செய்யாதவரை, என் கையில் இருப்பது எவ்வளவு நல்ல புத்தகமானாலும் அதிற் பாதி இன்னொருவருடையது. தாய்ப்பாலைப் பங்கிட முடியாது. ஆகையினாலேயே பங்கிடக்கூடிய மற்றெல்லாவற்றையும், அழும் பிள்ளையை முதலாக, பங்கிட வேண்டியவர்களாகிறோம்.

அந்த ஆசிரியர் ஐயாவிடமும் ஒன்று சொல்ல ஆசை. திறப்பைக் கிணற்றில் போடவில்லை, ஐயா. ஆனால் அதை நான் மட்டும் மடியில் கட்டி வைத்திருந்தேன்.

சென்ற கிழமை அலுமாரியைத் துடைக்கையில் 'புத்துயிர்ப்பை' எடுத்தேன். நாங்கள் இரவில் வாசித்து நிறுத்திய இடத்தைத் தாண்டி, ஏழெட்டுப் பக்கம் தள்ளிக் குருத்தோலை இருந்தது. எந்த நாளில், எந்த மணித்தியாலத்தில் அது நகர்ந்தது என்று நான் கேட்கவில்லை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வாசகரே, உங்கள் வீட்டிலும் இப்படி அசையாமல் கிடக்கும் அடையாளம் ஒன்று இருக்கக்கூடும். அது புத்தகமாய்த்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பாதியில் நின்ற தையல் வேலையாக, பாடாமல் விட்ட பாட்டாக, போகாமல் விட்ட ஒரு சிநேகிதியின் வீடாக, பெட்டகத்தின்மேல் பிரிக்காமற் கிடக்கும் பத்திரிகையாக இருக்கலாம். அது யாருடையது என்று இன்றைக்குப் பாருங்கள். இந்தப் பத்திரிகையைத்தான் அவர் இன்னும் காணவில்லையென்றால், பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு பத்திரிகையை அவர் கையில் கொடுங்கள். வாசிக்கிறாரா உறங்குகிறாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.